பத்துக்கு ஐந்து

போன மாதம் ஒரு நாள் காலை கொல்லைப் பக்கம் போனேன். என் நாத்தனார் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம்தான். சாம்பாருக்கு ஆகும். ஆனால் கையில் என்ன வைத்திருந்தார்?

துறட்டி இல்லை. என் கோல்ஃப் மட்டை.

மட்டையின் இரும்புத் தலையைக் காம்பில் மாட்டி ஓர் இழுப்பு. காய் கீழே விழுந்தது. மறுபடியும் மாட்டி ஓர் இழுப்பு. இன்னொரு காய். வெகு நேர்த்தியான கை. நான் அந்த மட்டையால் ஒரு நாளும் அவ்வளவு குறி தவறாமல் எதையும் தொட்டதில்லை.

“அக்கா, அது என்னோடதோன்னோ?” என்றேன்.

“இதுவா? இது பரண்ல கெடந்ததுடி. அஞ்சாறு வருஷமா இதாலதானே பறிக்கறேன்” என்றார் அவர், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோல்ஃபா, உனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சில பேர் இதற்குள் கேட்டிருப்பீர்கள். இன்னும் சில பேர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பீர்கள். போகட்டும். இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் என் கணவருக்குக் குன்னூரில் உத்தியோகம். மராமத்து இலாகாவில் இஞ்சினீயர். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். குழந்தைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்விடும். பக்கத்து பங்களாவில் ஒரு டாக்டரின் மனைவி, ஸ்காட்லாந்துக்காரி. அவளுக்குப் பேச்சுத் துணை இல்லை. எனக்கும் இல்லை. அவளுடைய தமிழும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரம். பேச முடியாத இரண்டு பேர் என்ன செய்வது? அவள் என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் ஆடினேன். ஒன்பது கஜம் கட்டிக்கொண்டுதான். சிரிக்காதீர்கள்... காலை அகட்டி நின்று, இடுப்பைத் திருப்பி அடிப்பதற்கு மடிசாரைப் போல வசதியான உடுப்பு உலகத்திலேயே கிடையாது. அவள் தன் கம்பளிப் பாவாடையில் தவித்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஒரே ஒரு தொந்தரவு, மட்டையை ஓங்கும்போது திருமாங்கல்யம் பறந்து வந்து மோவாயில் இடிக்கும். அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டால் தீர்ந்தது.

நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பியபோது, அவள் தன் பழைய மட்டைகள் ஐந்தையும் தோல் பையோடு எனக்கே கொடுத்துவிட்டாள். நான் ரயிலில் அந்தப் பையை மடியை விட்டு இறக்கவில்லை. அப்புறம் பெல்லாரி. அப்புறம் கடப்பை, தஞ்சாவூர். குழந்தைகளுக்கு அம்மை, டைஃபாய்டு, பூணூல், கல்யாணம். பை பரணுக்குப் போயிற்று. நானே தூக்கி வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது மாம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பையன் திருச்சியில் படிக்கிறான். பெண் பம்பாயில் புருஷன் வீட்டில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், என் நாத்தனார் மூன்றாவது. அவர் என் கணவருக்கு மூத்தவர். கணவரை இழந்து, பெல்லாரி நாளிலிருந்து எங்களோடு இருக்கிறார். சாவிக்கொத்து அவர் இடுப்பில். அதில் எனக்கு வருத்தமே கிடையாது, சத்தியமாக.

ஆனால் அன்றைக்கு முருங்கை மரத்தடியில் எனக்குச் சுருக்கென்றது. மற்ற மட்டைகள் எங்கே என்று வீடு முழுக்கத் தேடினேன். ஒன்று வெந்நீர் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தது. முனை கருகிக் கரிக்கட்டை. ஒன்று என் கணவரின் கட்டிலில் கொசுவலைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்று, காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஜன்னல் கதவைத் தாங்கி நின்றது. ஐந்தாவது மட்டையைக் காணவே இல்லை. தோல் பையில் குடைகள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. ஒரு பெண்பிள்ளை தனக்கென்று வைத்துக்கொண்ட சாமான், பத்து வருஷம் சும்மா இருந்தால் வீட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. யாரும் திருடுவதில்லை. யாரும் பிடுங்குவதில்லை. ஒரு கதவுக்கு முட்டு வேண்டும், ஒரு காய் பறிக்க வேண்டும், அவ்வளவுதான். மட்டைகளைச் சொல்கிறேனா, என்னைச் சொல்கிறேனா? இரண்டையும்தான்.

நான்கையும் பிடுங்கிக்கொண்டேன். கொசுவலை சரிந்து என் கணவரின் மூக்கின்மேல் விழுந்தது. விழட்டும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே வெட்டவெளி. மாம்பலம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஏரியைத் தூர்த்து மனை போட்டிருக்கிறார்கள். மனைக்கு நாலு மூலையிலும் கல் நட்டிருக்கிறார்களே தவிர, வீடு பத்துக்கு ஒன்றுதான் எழும்பியிருக்கிறது. மீதியெல்லாம் புல்லும் நெருஞ்சியும் எருமையும். நூறு தப்படி தள்ளி மழைத் தண்ணீர் ஓடுகிற ஒரு வாய்க்கால். குன்னூரில் பச்சைக் கம்பளம். இங்கே களிமண். இருந்தால் என்ன? பந்துக்குத் தெரியவா போகிறது?

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே, பையில் மிச்சமிருந்த பந்துகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முருங்கைக்காய் பறித்த மட்டைதான் கையில். அதற்கு மாஷி என்று பெயர். காலை அகட்டினேன். தாலியைச் செருகினேன். மூச்சை இழுத்து ஓங்கி அடித்தேன்.

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. பந்துக்குப் பின்னால் ஒரு சாண் மண் பெயர்ந்து பறந்தது.

மறுபடியும் அடித்தேன். மறுபடியும் மண்தான். மூன்றாவது தடவை மண்கூடக் கிடைக்கவில்லை, காற்றுதான். நீச்சல் மறக்காது என்பார்கள். கோல்ஃப் மறக்கும், ஐயா. மண்டைக்கு எல்லாம் நினைவிருக்கிறது, பந்தைப் பார், முழங்கையை மடக்காதே, அவசரப்படாதே. கைதான் யாரோ எவரோ என்று நிற்கிறது. ஒன்றும் தெரியாதவள் புதிதாகக் கற்றுக்கொள்வதில் அவமானம் இல்லை. தெரிந்தவள் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பதுதான் அவமானம். அரைமணி நேரத்தில் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்த கன்னியம்மா வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் தெருவுக்கெல்லாம் அவள்தான் பால் ஊற்றுகிறவள். மெள்ளக் கிட்டே வந்தாள்.

“யம்மா, இன்னாத்துக்குக் காலங்காத்தால தரைய வெட்டிக்கினு கீறே? கெழங்கு எதுனா கீதா?”

கோல்ஃப் என்றால் என்ன என்று விளக்கினேன். பந்தை அடிக்க வேண்டும், அது தூரத்தில் போய் விழும், அப்புறம் அங்கே போய் மறுபடியும் அடிக்க வேண்டும். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அடிக்கிறது நீ, பொறுக்குகிறதும் நீதானா என்று மட்டும் கேட்டாள். நானேதான் என்றேன். அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அன்று முதல் எருமைகளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே மேய விட்டு, கண்ணில் படும் பந்துகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கொடுப்பாள்.

இப்படி ஒரு வாரம். பத்தில் ஒன்று மேலே எழும்ப ஆரம்பித்தது. அந்த ஒன்று இருக்கிறதே... மட்டையின் நடுமுகத்தில் பந்து படுகிற அந்த ஒரு கணத்தில் கைக்கு எதுவுமே தெரியாது. அடித்தோமா இல்லையா என்றே தோன்றாது. நிமிர்ந்து பார்த்தால் பந்து வானத்தில் இருக்கும். அந்த ஒன்றுக்காக மீதி ஒன்பதையும் அடிக்கலாம். நாற்பத்துமூன்று வயதில் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. வெட்டவெளியில் தனியாக நின்று சிரித்தேன்.

அதுதான் வினையாயிற்று.

தெருக்கோடியில் ஒரு பென்ஷன்காரர் இருக்கிறார். நல்ல மனுஷர், எல்லோருடைய நல்லதுக்காகவும் கவலைப்படுகிறவர். அவர் பஸ்ஸுக்கு நிற்கும் என் கணவரைப் பிடித்து, உங்கள் ஆத்து மாமிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்திருக்கிறார். குச்சியை வைத்துக்கொண்டு தரையை அடிப்பதாகவும் தனியாகச் சிரிப்பதாகவும் தன் மனைவி பார்த்தாளாம். நம்பிக்கையான வைத்தியர் ஒருவர் மயிலாப்பூரில் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் என் கணவர் காபியைக்கூடத் தொடாமல் ஆரம்பித்தார். அவர் கத்துகிறவர் இல்லை. சிரித்துக்கொண்டே பேசுகிறவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“இந்தா, ஆடத் தெரிஞ்சு ஆடினா நானே தலையிட மாட்டேன். பத்து வருஷம் விட்டுப்போன விஷயம். பந்தும் மேலே போக மாட்டேங்கறது, ஊரும் சிரிக்கறது. எதுக்கு இந்த வம்பு?”

என் நாத்தனார் தூணோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முருங்கைக்காய் நாலு நாளாக மரத்திலேயே முற்றிக்கொண்டிருக்கிறது என்று முறத்தைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் யோசிக்கத் தெரியாது. பிறவிக் குணம். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. ஆடத் தெரியாது என்று யார் சொன்னது, பந்தயம் கட்டுங்கள் என்று நானே வாயை விட்டேன்.

அவர் இஞ்சினீயர் அல்லவா? உடனே கணக்காகப் பேசினார். பத்து நாள் தவணை. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, பத்துப் பந்து. ஆறு பந்து வாய்க்காலைத் தாண்டி விழுந்தால் அப்புறம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தாண்டாவிட்டால் மாஷி முருங்கை மரத்துக்கு, மற்றவை பழையபடி வீட்டுக்கு. என் காலைப்பொழுது, அடுப்புக்கு. எண்ணுவதற்கு நாத்தனார். சரி என்றேன். என்ன மடத்தனம் செய்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. மடத்தனம் பந்தயத்தில் ஜெயிப்பதா தோற்பதா என்பதில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்து நாளும் பேய்போல உழைத்தேன். கொப்புளம் உடைந்து காப்புக் காய்த்தது. ராத்திரி தோசை மாவு கரைக்கும்போதுகூட மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். கடைசி இரண்டு நாள் பத்தில் ஆறு தாண்டியது. ஒரு நாள் ஏழு. இதற்கு ஒரு சூட்சுமம் கண்டுபிடித்திருந்தேன். தரையில் கிடக்கும் பந்தை அடிப்பது கஷ்டம். குன்னூரில் ஆட்டத்தைத் தொடங்கும்போது ஈர மணலைக் கையால் பிடித்துக் கூம்பாக வைத்து, அதன் உச்சியில் பந்தை உட்கார வைப்போம். அப்படிச் செய்யக் கூடாதென்று பந்தயத்தில் யாரும் சொல்லவில்லையே.

வியாழக்கிழமை விடிந்தது. பிள்ளையார் சதுர்த்தி கழிந்து நாலே நாள். நான் முன்னாடியே போய், ஈர மணலைப் பிடித்துப் பிடித்து வரிசையாகப் பத்துக் கூம்பு வைத்தேன். பந்துகளை எடுத்துவர வீட்டுக்குள் போனேன். என் கணவர் அரைத் தூக்கத்தில் மேல்துண்டோடு கிளம்பினார். நாத்தனார் பின்னால் வந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், பத்துக் கூம்பின் உச்சியிலும் ஒவ்வொரு எருக்கம்பூ. அடியில் இரண்டு இரண்டு அறுகம்புல். பக்கத்தில் கன்னியம்மா கையைக் கட்டிக்கொண்டு திருப்தியாக நின்றாள்.

“ஒங்க ஊட்டுப் பெரியம்மா சொல்லிச்சு, இன்னிக்கி ஒனக்குப் பரிச்சையாமே. பத்துப் புள்ளாரு புட்ச்சி வெச்சிக்கீறே, பூ வெக்காம உட்டுட்டியே. அதான் வெச்சேன்” என்றாள்.

நான் மணலைப் பிடித்த லட்சணம் அப்படி. எங்கள் வீட்டில் மஞ்சள் பிள்ளையார் பிடித்துப் பிடித்துப் பழகின கை, மணலையும் அதே அச்சில் பிடித்திருக்கிறது. மூன்று விரலால் உச்சியைக் கிள்ளி விடுவது வரைக்கும்.

பந்தை வைக்கக் குனிந்தேன். கை நடுவழியில் நின்றுவிட்டது.

“பிள்ளையாரை அடிக்கப்போறயாடி, அலமு?” என்றார் நாத்தனார். குரலை உயர்த்தவே இல்லை.

என் கணவர், இதென்ன கூத்து, வெறும் மணல், அடி என்றார். அவர் அதிகமாகக் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, எதையும் காரண காரியத்தோடு பார்க்கிறவர். அப்படியானால் ஒன்றை மட்டும் உங்கள் காலால் தட்டிவிடுங்களேன் என்றேன். அவர் கூம்பைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். கால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வேறு கூம்பு பிடித்துக்கொள்ளலாம் என்று நான் ஈர மணலை அள்ளினேன். கன்னியம்மாவின் மடியில் இன்னும் பூ இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

கடைசியில் பிள்ளையார்களை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் நாலு தப்படி தள்ளிப் போனோம். வெறுந்தரை. பந்தைத் தரையிலேயே வைத்தேன்.

முதல் அடி காற்றுக்குப் போயிற்று. இது கணக்கா என்று கேட்டேன். கணக்குத்தான் என்றார் நாத்தனார். இரண்டாவது பந்து தலையில் அடிபட்டுத் தரையோடு ஓடி நின்றது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது தாண்டியது. நாலாவது தாண்டியது. ஐந்தாவது பக்கவாட்டில் போய், இக்கரைக்கு வந்துவிட்ட ஓர் எருமையின் வயிற்றில் பட்டது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு, தாண்டியது. ஏழு, வாய்க்காலுக்குள்ளே. எட்டு, தாண்டியது.

நாலு ஆயிற்று. மிச்சம் இரண்டு பந்து. இரண்டும் தாண்ட வேண்டும்.

ஒன்பதாவது பந்தை நான் அடித்தேன் என்று சொல்வது அகம்பாவம். அது தானே போயிற்று. வாய்க்காலைத் தாண்டி, எருமைகளைத் தாண்டி, எல்லைக் கல்லையும் தாண்டி விழுந்தது. கன்னியம்மா “யம்மாடி” என்றாள். என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு என் ஆட்டத்தின்மேல் முதல் முதலாகக் கவலை வந்த நேரம் அது.

பத்தாவது பந்து நன்றாகத்தான் எழும்பிற்று. நேராகத்தான் போயிற்று. வாய்க்காலின் அக்கரையில், கரை விளிம்பில் பட்டது. பட்டு, ஒரு கணம் நின்றாற்போல் இருந்தது. அப்புறம் மெதுவாக உருண்டு, தண்ணீரில் விழுந்தது.

“அஞ்சு” என்றார் நாத்தனார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. அதை நான் கவனித்தேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. அவர் சிரிக்கக்கூட இல்லை. ஒண்ணுதான் குறைஞ்சது, பாவம், நன்னாத்தான் அடிச்சே என்றார். சொல்லிக்கொண்டே மாஷியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார், என்னவோ ஆபீஸில் ஃபைலை வாங்கிக்கொள்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது என் மடத்தனம் எதுவென்று.

“ஏன்னா, நேத்திக்குச் சீட்டுல ஜெயிச்சேளா?” என்று கேட்டேன்.

என் கணவர் வாரத்தில் நாலு நாள் ஆபீஸிலிருந்து நேரே லஸ் பக்கம் ஒரு சிநேகிதர் வீட்டு மாடிக்குப் போய் பிரிட்ஜ் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஊர் ஊராக மாற்றினாலும் அந்தந்த ஊரில் ஒரு மாடி கிடைத்துவிடும். வந்து, கூட ஆடினவன் சரியில்லை என்பார். இருபது வருஷமாக அவரோடு ஆடினவர் ஒருத்தர்கூடச் சரியில்லை.

“இல்லே. அதுக்கு இப்போ என்ன?” என்றார்.

“முந்தாநாள்?”

பதில் இல்லை.

“இருபது வருஷமாத் தோத்துண்டு வரேள். சீட்டுக்கட்டைக் கொண்டு வாங்கோ, அடுப்பு மூட்ட ஆகும்னு நான் என்னிக்காவது கையை நீட்டினேனா?”

“பந்தயம்னா பந்தயம்” என்றார். குரல் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது.

வாஸ்தவம். பந்தயம் கட்டினவள் நான். தோற்றவள் நான். வாக்குத் தவறினவளும் நான்தான். பகிரங்கமாகப் பத்திரிகையில் எழுதுகிறேன், மறைக்கவில்லை. என்னைத் திட்டிக் கடிதம் எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பந்தயத்தையே நான் ஏன் கட்டினேன்? என் காலைப்பொழுது என்னுடையதா இல்லையா என்பதை நான் ஏன் ஒரு வாய்க்காலிடம் கேட்டேன்? பத்துக்கு ஆறு அடித்தால்தான் ஆடலாம் என்றால், ஆடத் தெரியாதவள் எப்போதுதான் ஆடுவது?

ஆண்பிள்ளை ஒன்றை மோசமாகச் செய்தால் அது பொழுதுபோக்கு. பெண்பிள்ளை செய்தால் மயிலாப்பூரில் வைத்தியர் இருக்கிறார். வீணையா, கச்சேரி பண்ணுகிற அளவுக்கு வந்தால்தான் வாசிக்கலாம். இங்கிலீஷா, தப்பில்லாமல் வந்தால்தான் வாயைத் திறக்கலாம். இல்லாவிட்டால் எதற்கு இந்த வம்பு? நன்றாகச் செய்கிற உரிமைக்காக நம்மில் ரொம்பப் பேர் போராடுகிறார்கள், அவர்களுக்கு என் நமஸ்காரம். எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. மோசமாகச் செய்கிற உரிமை.

மாஷியை நான் கொடுக்கவில்லை. இடுப்புப் பையைத் தடவினேன், இன்னும் ஒரு பந்து இருந்தது. பதினோராவது. அதைத் தரையில் வைத்து, எல்லோரும் பார்க்க ஓங்கி அடித்தேன்.

அது பிரமாதமாகப் பறந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். பறக்கவில்லை. ஒரு கவளம் மண் என் முகத்தில் தெறித்தது. பந்து ஆறடி உருண்டு, பத்துப் பிள்ளையாரில் கடைசிப் பிள்ளையாரின் காலடியில் போய் நின்றது. வாழ்நாளிலேயே இவ்வளவு மோசமாக நான் அடித்தது கிடையாது. அவ்வளவு சந்தோஷமாகவும் அடித்தது கிடையாது. வாயில் மண்ணோடு சிரித்தேன். பென்ஷன்காரர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

என் கணவர் வீட்டுக்கு நடந்தார். அன்று முழுவதும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாள் ஐந்தரை மணிக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

சனிக்கிழமை காலை, அவர் கடைக்குக் கிளம்பும்போது நாத்தனார் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

“அம்பி, வரச்சே ஒரு தொரட்டி வாங்கிண்டு வா. முருங்கைக்காய் முத்திப் போறது.”

“தொரட்டி எதுக்கு? அதான் அந்தக் குச்சி இருக்கே.”

“அது அவளோடது” என்றார் நாத்தனார்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாணலியில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து மட்டையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன், கண் மறைத்தது.

துறட்டி வந்தது. நீளமான மூங்கில், முனையில் இரும்புக் கொக்கி. வாங்கினவரே பறித்துக் காட்டுவதாகச் சொல்லி, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர் மரத்தடிக்குப் போனார். முதல் இழுப்பில் இலை வந்தது. இரண்டாவதில் ஒரு கிளை. மூன்றாவதில் வந்த காய் அவர் தலையிலேயே விழுந்தது. நாத்தனார் முறத்தை ஏந்திக்கொண்டு பொறுமையாக நின்றார்.

பத்து இழுப்பு இழுத்தார். பத்துக்கு மூன்று. நான் எண்ணினேன், ஆனால் துறட்டியைக் கேட்டுக் கையை நீட்டவில்லை.